கை மட்டும் தெரிந்த அக்கா

போகிக்கு இரண்டு நாள் முன்பு, சாத்தூர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்ய ஏறினார் தம்பி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பொங்கலுக்காகத் தாம்பரத்திலிருந்து வந்தவர். ஒட்டடைக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டி. திறந்தால், அட்டை கிழிந்த காமிக்ஸ் புத்தகங்கள்.

அன்றைய வேலை அத்தோடு நின்றது.

எண்பதுகளில் சாத்தூர்ப் பிள்ளைகளுக்கு காமிக்ஸ் என்பது பக்கத்து ஊர்ச் சரக்கு. தீப்பெட்டி, பட்டாசு போல அதுவும் சிவகாசியிலிருந்துதான் வந்தது. 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு அங்கே தொடங்கியது முத்து காமிக்ஸ். 1984-ல் லயன் காமிக்ஸும் அங்கிருந்தே வந்தது.

மாயாவி பிறந்தது பிரிட்டனில். விபத்தில் ஒரு கையை இழந்தவருக்கு இரும்புக்கை. உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆளே மறைந்துவிடுவார். கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

வீட்டில் வெளிவேலை எல்லாம் தம்பிக்கு. மண்ணெண்ணெய் வரிசையில் கேனைப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து படிக்கலாம். மாவு மில்லில் மிளகாய் நெடிக்குத் தும்மிக்கொண்டே நாலு பக்கம் முடிக்கலாம். புத்தகம் பெட்டிக்கடையில் நாள் வாடகை. சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அக்காவுக்கு உள்வேலை. சாம்பல் தொட்டுப் பாத்திரம் துலக்குவது, ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது. இரண்டுக்கும் இரண்டு கையும் வேண்டும், இரண்டு கையும் ஈரம். “புக்கைத் தொடாதக்கா, வாடகைப் புக்கு” என்று தம்பியே அதட்டுவார். அவர் வாய்விட்டுப் படிக்க, அக்கா குழவியைச் சுற்றியபடி கேட்பார்.

தகரப் பெட்டியில் இருந்தவை, பின்னாளில் பழைய புத்தகக் கடையில் தம்பி சொந்தமாக வாங்கியவை. அதற்குள் அக்கா கல்யாணமாகித் தூத்துக்குடி போய்விட்டார்.

தூசியைத் தட்டிவிட்டு போன் போட்டார். “யக்கா, மாயாவி புக்கு கிடைச்சிருக்கு.”

“அந்தக் கதையில கடைசியில என்னடா ஆச்சு?”

தம்பிக்குப் புரியவில்லை.

“நேரமாச்சுன்னு பாதியிலேயே கடைக்கு ஓடிருவ. ஒரு கதைகூட எனக்கு முடிஞ்சதில்ல.” அக்கா சிரித்தார். “நம்ம வீட்ல நான்தான்டா இரும்புக்கை மாயாவி. வேலை செய்யுற கை மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியும்.”

மண்ணெண்ணெய் கேன் மேல் உட்கார்ந்து படித்த கதையைத் தம்பி தன் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதில் ஒருமுறைகூட அக்கா வந்ததில்லை. அது அப்போதுதான் உறைத்தது.

காணும் பொங்கலுக்கு அக்கா வந்தார். சாப்பாடு முடிந்ததும், யாரும் சொல்லாமலே எச்சில் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். தம்பி அவற்றை வாங்கிக்கொண்டு புத்தகத்தை நீட்டினார்.

“கையைத் துடைச்சுக்கோக்கா.”

குழாயடியில் தம்பி தேய்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு தட்டில் பிசுக்கு போகவில்லை. திண்ணையில் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, அக்கா கடைசிப் பக்கத்தை மூடினார்.

“பொங்கப் பானையையும் தேய்ச்சிருடா. இன்னும் ரெண்டு புக்கு பாக்கி இருக்கு.”