டான் ஆஃப் வார் 4: முதல்ல வரட்டும்!



டான் ஆஃப் வார் நாலாம் பாகத்துக்கு எல்லாரும் காசு சேர்த்து இப்பவே முன்பணம் கட்டிடணும்னு நம்ம வகுப்பில் ஒரு கட்சி இருக்கு. வேண்டாம்னு இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. அதுக்காக அந்த விளையாட்டு மேல ஆசை இல்லாதவள்னு நினைச்சுடாதீங்க. உங்க எல்லாரையும் விட அதிகமா காத்திருக்கிறது நான்தான்.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். இது கம்ப்யூட்டர்ல ஆடுற போர் விளையாட்டு. சும்மா சுட்டுக்கிட்டே ஓடுறது இல்ல, படையை யோசிச்சு நடத்தணும். ஆடுபுலி ஆட்டத்தில் ரெண்டு பேரும் முறை பார்க்காம ஒரே நேரத்தில் காய் நகர்த்தினா எப்படி இருக்கும், அப்படி. வார்ஹாமர் 40,000 என்ற அறிவியல் கற்பனைக் கதைதான் இதுக்கு அடிப்படை. அது 1987-ல் இங்கிலாந்தில், மேஜை மேல பொம்மை வீரர்களை வெச்சு ஆடுற ஆட்டமா வந்தது. அதுல ஓர்க்னு பச்சை நிற முரடர்கள் உண்டு. சிவப்பு பெயின்ட் அடிச்ச வண்டிதான் வேகமாப் போகும்னு நம்புவாங்க. நம்புறதாலேயே அது வேகமாப் போகும்! (நம்ம டவுன் பஸ்ஸுக்கும் அடிச்சுப் பார்க்கலாம்.)

முதல் பாகம் 2004-ல் வந்தது. செஞ்சது கனடாவில் இருக்கிற ரெலிக் கம்பெனி. அது ஏன் நல்லா இருந்ததுன்னா, நம்ம கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்து மரம் வெட்டி, தங்கம் சேர்த்து ஆட முடியாது. வெளியே போய் இடத்தைப் பிடிச்சுக் கொடி நட்டாதான் படைக்கு வேண்டியது வரும். அதனால ஆட்டம் ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷமே சண்டை. முதல்ல நாலு இனம்தான் இருந்தது. 2008-ல் சோல்ஸ்டார்ம் வந்தப்போ ஒன்பது இனம் ஆயிடுச்சு.

அப்புறம் நடந்ததைத்தான் எல்லாரும் மறந்துட்டோம். 2009-ல் வந்த ரெண்டாம் பாகத்தில், கதைப் பகுதியில் கோட்டை கட்டுற வேலையே இல்ல. நாலைஞ்சு குழுவை மட்டும் கூட்டிட்டுப் போகணும். அதுவும் நல்லாத்தான் இருந்தது, ஆனா வேற ஆட்டம். 2017-ல் மூணாம் பாகம் வந்தது. பழசும் வேணும், புதுசும் வேணும்னு கலந்து செஞ்சாங்க. சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே கிண்ணத்தில் ஊத்தின கதைதான். இனம் மூணே மூணு. ஒருத்தரோட ஒருத்தர் மோதுறதுக்கு முதல்ல ஒரே ஒரு வகை ஆட்டம்தான் கொடுத்தாங்க. வேற வகையைப் பிறகுதான் சேர்த்தாங்க. 2018 பிப்ரவரியில், இதுக்கு இனிமே புதுசா எதுவும் வராதுன்னு ரெலிக்கே சொல்லிடுச்சு. ஒரு வருஷம் கூட ஆகலை. வர்றதுக்கு முன்னாடியே பணம் கட்டினவங்க கதியை யோசிங்க.

2025 ஆகஸ்டில் நாலாம் பாகத்தை அறிவிச்சாங்க, 2026-ல் வரும்னு. இதைச் செய்றது ரெலிக் இல்ல, ஜெர்மனியில் இருக்கிற கிங் ஆர்ட் கம்பெனி. ஆள் மாறினதே ஆபத்துன்னு நான் சொல்ல மாட்டேன். 2020-ல் அவங்க கொண்டுவந்த அயர்ன் ஹார்வெஸ்ட், நடக்கிற இயந்திரங்களை வெச்சு ஆடுற இதே மாதிரி போர் விளையாட்டுதான். தொழில் தெரிஞ்சவங்க. கோட்டை கட்டுறது திரும்ப வருது. கைகலப்புச் சண்டையில் வீரர்கள் ஒருத்தரோட ஒருத்தர் நிஜமா மோதுற மாதிரி காட்டுறாங்க. உடம்பை விட்டுட்டு உலோகமா மாறி, கல்லறைக்குள்ள கோடிக்கணக்கான வருஷம் தூங்கி எழுந்த நெக்ரான் இனமும் இருக்கு. அதை நினைச்சா எனக்கே கை துறுதுறுங்குது.

ஆனா நாம பார்த்ததெல்லாம் அவங்களே பொறுக்கி எடுத்துக் காட்டின படம். கல்யாண ஆல்பத்தில் யாராவது அழுற போட்டோ இருக்குமா? ஹோம்வேர்ல்ட் மூணாம் பாகத்துக்கு 2019-லேயே ரசிகர்கள் காசு போட ஆரம்பிச்சாங்க. 2022-ல் வரும்னாங்க, 2024 மே மாசம்தான் வந்தது. கப்பலெல்லாம் அவ்வளவு அழகு. கதைதான் சரியில்லைன்னு பழைய ரசிகர்களே நொந்துக்கிட்டாங்க.

முன்பணம் கட்டாட்டி கிடைக்காதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. முதல் நாள் சினிமா டிக்கெட்டா இது, தீர்ந்துபோக? இன்டர்நெட்டில் இறக்கிக்கிற சாமான். வெளியான மறுநாளும் இருக்கும், மறுவருஷமும் இருக்கும், விலையும் குறையும். பிடிக்கலைன்னா திருப்பிடலாமாம். ஸ்டீம் கடையில் பதினாலு நாளுக்குள்ள, அதுவும் ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தாதான் பணம் வாபஸ். இந்த மாதிரி ஆட்டத்தில் ரெண்டு மணி நேரம் எந்த பட்டன் எதுக்குன்னு படிக்கவே போயிடும்.

இன்னொண்ணையும் யாரும் கேட்கலை. நாம ஆடுறது எங்க பெரியப்பா வீட்டு அண்ணனோட பழைய கம்ப்யூட்டரில். 2004 ஆட்டம் என்பதால் அதுல ஓடுது. நாலாம் பாகம் அதுல ஓடுமா? ஓடாட்டி நாம ஆறு பேரும் பஸ் காசு மிச்சம் பிடிச்சு நடந்து வந்தது எதுக்கு?

அதனால நான் சொல்றது இதுதான். காசு டப்பா இப்போதைக்கு மூடியே இருக்கட்டும். ஆட்டம் வெளியாகி ஒரு மாசம் போகட்டும். முதல் பாகத்தை ஆடினவங்க என்ன சொல்றாங்கன்னு அண்ணனைக் கேட்டுச் சொல்லச் சொல்றேன். அதுவரைக்கும் முதல் பாகத்திலேயே நம்ம வகுப்பில் பாதிப் பேர் என்னைத் தோற்கடிக்கலை. சனிக்கிழமை வாங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி