சூழற்கொலையும் சர்வதேசச் சட்டமும்

வியத்நாம் யுத்தத்தில், 1962 முதல் 1971 வரை, அமெரிக்க விமானங்கள் ஏழு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட களைக்கொல்லிகளைக் காடுகள்மீதும் பயிர்நிலங்கள்மீதும் தெளித்தன. பகைவர் மறைந்திருக்கும் தழைகளை உதிர்ப்பதே முக்கிய நோக்கமெனப்பட்டது. ஆனால் அவற்றில் கலந்திருந்த டையாக்சின் என்னும் நஞ்சு பழைய விமானத் தளங்களின் மண்ணில் தங்கிவிட்டது. தா நாங் தளத்து மண்ணைத் தூய்மை செய்யும் பணி 2018-இல்தான் முடிவுற்றது.

இதனைக் கண்டித்தவர்களுள் தாவரவியல் அறிஞர் ஆர்தர் கால்ஸ்டன் ஒருவர். சோயா மொச்சை விரைவில் பூப்பதற்கான ரசாயனத்தை இளமையில் ஆராய்ந்தபோது, அளவு மிஞ்சினால் இலை உதிருமென்று கண்டவர் அவர். 1970-இல் இத்தகைய அழிவுக்கு ‘ஈகோசைட்’ என்று பெயரிட்டு, அதனைச் சர்வதேச உடன்படிக்கையால் தடுக்க வேண்டுமென்றார். தமிழில் இதனைச் சூழற்கொலை எனலாம்.

அவ்வேண்டுகோள் இன்னும் நிறைவேறவில்லை. 1998-இல் ஏற்கப்பெற்ற ரோம் சட்டத்தின்படி, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்கும் குற்றங்கள் நான்கு: இனக்கொலை, மானிடத்துக்கு எதிரான குற்றம், யுத்தக் குற்றம், ஆக்கிரமிப்பு. இயற்கைச் சூழலுக்கு இழைக்கும் சேதம் யுத்தக் குற்றத்தின் ஓர் உட்பிரிவில் மட்டுமே பேசப்படுகிறது. அங்கும் சேதம் பரந்ததாகவும், நீடித்ததாகவும், கடுமையானதாகவும் ஒருங்கே இருத்தல் வேண்டும். சமாதான காலத்தில் ஆற்றை நஞ்சாக்குபவன் அக்காரணத்துக்காக மட்டும் அங்கே நிறுத்தப்படமாட்டான். இது பெருங்குறை என்பதில் ஐயமில்லை. யுத்தத்தில் இறந்தாலும் சமாதானத்தில் இறந்தாலும் ஆற்றுக்கு வேற்றுமை உண்டோ?

2024-இல் வனுவாட்டு, ஃபிஜி, சமோவா ஆகிய தீவு நாடுகள் சூழற்கொலையை ஐந்தாவது குற்றமாகச் சேர்க்குமாறு கோரின. அணையும் சுரங்கமும் வேண்டும் நாடுகளின் வளர்ச்சிக்கு இது தடையாகாதா எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் 2021-இல் சட்ட நிபுணர் குழுவொன்று வகுத்த இலக்கணம் ஒவ்வொரு சேதத்தையும் குற்றமாக்கவில்லை. கடுமையான சேதம் பரவலாகவோ நெடுங்காலமோ நேரக்கூடுமென்று அறிந்திருத்தல் வேண்டும். செயலும் சட்டத்துக்குப் புறம்பானதாகவோ, எதிர்பார்க்கும் பயனை வெகுவாக மிஞ்சிய சேதத்தைப் பொருட்படுத்தாததாகவோ இருத்தல் வேண்டும். தேவைக்கும் பேராசைக்கும் இடையே இங்கு எல்லை வரையப்பட்டுள்ளது.

இந்தியா ரோம் சட்டத்தில் சேரவில்லை. எனினும் எந்நாட்டு நீதிமன்றமும் சான்றின்றித் தண்டிக்காது. சேதத்துக்கு முன் மண்ணும் நீரும் எவ்வாறிருந்தன என்பதைக் காட்ட வல்லது, களப்பணியாளர் தேதியிட்டு எழுதிவைத்த அளவுக் குறிப்பே. கிணற்று நீரை அளந்து பதிவுசெய்ய மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரும் அதே தொண்டைப் புரிகிறார். சட்டம் பிற்பட்டு வரலாம். குறிப்பு முற்பட்டே இருத்தல் வேண்டும்.