படகேறுவதற்கு முன் ஒரு கதிரை

நெடுந்தீவு ஆச்சிக்கு யாழ் போதனா வைத்தியசாலைக் கிளினிக் என்றால் அது முழு நாள் அலுவல். விடியவே இறங்குதுறை, ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல், குறிகாட்டுவானில் பஸ், புங்குடுதீவும் வேலணையும் கடந்து பண்ணைப் பாலம். தேய்ந்த முழங்காலுக்குத் தூரம்கூடப் பெரிதில்லை. ஏறி இறங்கும் படகிலிருந்து துறைப் படியில் காலைத் தூக்கி வைக்கும் அந்த ஒரு கணம்தான் பாடு. ஒருவர் கையைப் பிடிக்க, இன்னொருவர் பின்னால் தாங்கக் கரையேறுகிறார்.

அந்தக் கணத்தில் அவரைத் தூக்கிவிட வேண்டியது தொடையின் முன்தசை. நோகிறதென்று நடையைக் குறைத்தால் அது சூம்பும். சூம்பினால் நோவு கூடும். “எழும்பித் திரியாதேங்கோ அம்மா” என்று பிள்ளைகள் அன்பாய்ச் சொல்வது கெடுதலாகவே முடிகிறது.

ஈழத்தமிழர் பலர் குடியேறிய டென்மார்க்கில் 2015இல் வெளியான ஆய்வொன்று முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குத் தகுதியான 100 பேரை இரண்டாகப் பிரித்தது. பயிற்சி, எடைக்குறைப்பு, மருந்து என்று மட்டும் தொடங்கிய 50 பேரில் ஒரு வருடத்துக்குள் சத்திரசிகிச்சைக்குப் போனவர்கள் 13 பேர். நோவு கூடுதலாகக் குறைந்தது சத்திரசிகிச்சையும் செய்துகொண்டவர்களுக்கே. பாரதூரமான சிக்கல்கள் கூடுதலாக வந்ததும் அவர்களுக்கே. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே, “முதலில் பயிற்சி செய்யுங்கோ, பிறகு பார்ப்பம்” என்று முதியவர்களைத் தட்டிக்கழிக்க இது சாட்டாகக் கூடாது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறும் அதே நாளில் பயிற்சியும் தொடங்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. சிலருக்குச் சத்திரசிகிச்சை தள்ளிப்போகும். மற்றவர்கள் பலமுள்ள காலோடு மேசைக்குப் போவார்கள். கிணற்றடியும் கழிப்பறையும் முற்றம் தாண்டியிருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு அந்தப் பலம் சின்ன விஷயமல்ல.

இதற்கு இயந்திரம் தேவையில்லை. ஆடாத கதிரை ஒன்று போதும்: கையை ஊன்றாமல் எழும்பி, மெல்ல இருக்க வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் நோகும். அது மூட்டை உடைக்கும் நோவல்ல என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். அதைத் துண்டுப் பிரசுரம் செய்யாது.

வடக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் கிழமையில் ஒரு நாள் இயன்மருத்துவர் ஒருவரை அனுப்பட்டும். இடத்துக்குச் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கும் வெளிநாட்டு ஊர்ச் சங்கங்கள் இயன்மருத்துவரின் போக்குவரத்துச் செலவை ஏற்கலாம். நாளைக் குறிப்பவர்கள் படகு நேரத்தையும் ஒருக்கால் பார்த்துக் குறிக்கட்டும்.