ஒப்பந்தமும் கடிதங்களும்

1987-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுகிறவர்கள், அன்றே அவ்விருவரும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் பற்றி அதிகமாகப் பிரஸ்தாபிப்பதில்லை. வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக்கி, கிழக்கில் பொதுஜன வாக்கெடுப்பு நடத்துவதென்று ஒப்பந்தம் தமிழரைக் குறித்துப் பேசிற்று. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமான ராணுவ உபயோகத்திற்கு எந்த நாட்டுக்கும் விடுவதில்லையென்றும், அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகப் புதுப்பிப்பதென்றும் கடிதங்கள் இந்தியாவைக் குறித்துப் பேசின.

மலேசியாவின் சுபாங் ஜெயாவில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், மலாயா ரயில்வேயில் குமாஸ்தாவாக வந்த யாழ்ப்பாணத்தாரின் பேரர். அவ்வருஷம் ஜூன் 4-ஆம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது உணவுப் பொருள்களைப் போட்ட செய்தி வந்தபோது பிரிக்ஃபீல்ட்ஸில் உறவினரெல்லாம் ஆனந்தித்ததைச் சொல்லிவிட்டு, "நாலு மாசத்திலை அதே பட்டாளம் எங்கட ஊருக்குள்ள சண்டை பிடிச்சுது, தம்பி" என்பார். ஒப்பந்தத்தை அமல்படுத்த வந்த இந்தியச் சேனைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் அக்டோபரில் மூண்ட அந்த யுத்தத்தில் இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1,200 பேர் மாண்டனர். மாண்ட தமிழ்க் குடிமக்களின் கணக்கு இன்றுவரை தகராறிலேயே இருக்கிறது. கொழும்பு அழைத்து வந்த சேனையைக் கொழும்பே போகச் சொல்ல, அது 1990 மார்ச்சில் கப்பலேறிற்று.

ஒரு வல்லரசு தன் வாசலருகே அன்னியர் தளம் அமைக்கலாகாதென்று கவலைப்படுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ராஜதந்திரம் தர்ம சத்திரமன்று. ஆயினும், ஒரே நாளில் எழுதப்பட்ட இருவகை வாக்குறுதிகளில் எது பேணப்பட்டது என்று பார்ப்பது வாசகருக்குப் பிரயோஜனமாக இருக்கும். 35 வருஷங்களாகியும் தில்லி விடாமல் பின்தொடர்ந்ததன் பயனாக, 2022 ஜனவரியில் திருகோணமலையின் 99 குதங்களில் 14 இந்திய எண்ணெய்க் கம்பெனியின் இலங்கைக் கிளைக்கும், 61 கூட்டு முயற்சிக்கும், எஞ்சிய 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்திற்கும் என்று ஏற்பாடாயிற்று. அவ்வருஷமே இலங்கையின் கஜானா வற்றியபோது இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்கு உதவிற்று, அது மெச்சத்தக்கதே.

மாகாண இணைப்பையோ 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. வட மாகாண சபைக்கு 2013-இல்தான் முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. 2018-இல் அதன் ஆயுள் முடிந்தபின், அதிகாரம் ஆளுநர் கையில் இருக்க, வருஷங்கள் பல சபையின்றியே கழிந்தன. தலைவர்கள் சந்திக்கும்போது, மாகாண சபைகளை உண்டாக்கிய இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தை நிறைவேற்றும்படி தில்லி பலமுறை சொல்லியிருக்கிறது. குதங்களைப் பற்றியும் தில்லி அவ்வளவோடு நிறுத்திக்கொண்டிருந்தால், அவை இன்னும் காட்டுக்குள்தான் கிடந்திருக்கும்.