எஞ்சின் எப்போது அணையும்?
சேலத்தில் கணினி முன் போர் விமானம் ஓட்டிப் பழகும் பிள்ளைகளே, எஞ்சின் கோளாறை நேரம் குறித்து வரவழைக்காதீர்கள். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமானப் பாவனை விளையாட்டில் அது எத்தனை நிமிடத்துக்குப் பின், எவ்வளவு நேரத்துக்குள், எத்தனை சதவீத வாய்ப்பில் வரலாம் என்று அமைக்கலாம். வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் வாய்ப்பை 100 சதவீதமாக வையுங்கள். பிறகு 20க்கு இறக்கி, கால இடைவெளியை நீட்டுங்கள். கோளாறே வராத பயணங்களும் வேண்டும். அப்போதுதான் கண் எப்போதும் மானிகளின் மேல் இருக்கும். நிஜ விமானத்திலும் இந்தக் கவனம் வேண்டும்: 2025 செப்டம்பரில் இந்திய விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற மிக்-21 போர் விமானத்துக்கு ஒரே எஞ்சின். சூலூர் விமானப்படைத் தளத்தின் தேஜஸுக்கும் அப்படியே. அது அணைந்தால் விமானியிடம் மிஞ்சுவது உயரமும் வேகமும்தான். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. நாளை இங்கே விமானப் பாகம் செய்யப்போகிறவர்களுக்கு கோளாறை எதிர்பார்த்து மானிகளைக் கவனிக்கும் இந்தப் பழக்கம் விளையாட்டல்ல.