சங்கிலி வாளும் ‘குறைந்தது’ என்னும் சொல்லும்

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் மேற்கு வங்கக் கரையைக் கடந்தபோது கொல்கத்தாவின் தெருக்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. உள்ளூர்ப் பணியாளர்களால் மட்டும் அவற்றை அகற்ற முடியாத நிலையில் மே 23 அன்று இராணுவம் அழைக்கப்பட்டது. ஒடிசாவிலிருந்தும் பேரிடர் மீட்புக் குழுவினரும் தீயணைப்பு வீரர்களும் வந்து சேர்ந்தனர். மின்சாரமும் குடிநீரும் திரும்புவதற்குமுன் மரங்கள் விலக வேண்டியிருந்தது. அதைச் செய்த கருவி சங்கிலி வாள்.

இந்திய நகரங்களில் இக்கருவியை வாங்குபவர் வேறு, பிடிப்பவர் வேறு. வாங்குபவர் அலுவலக மேசைக்குப் பின்னால் இருக்கிறார். பிடிப்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. இருவருக்கும் இடையில் கைமாறும் தகவலோ மிகச் சிறியது: “22 அங்குல மிஷின்”, “36 அங்குல மிஷின்”. எஞ்சினின் ஆற்றல், சங்கிலியின் வகை, எண்ணெய் ஊட்டும் திறன் ஆகிய அனைத்தையும் ஒரே ஓர் எண் மறைத்துவிடுகிறது. பெரிய சங்கிலி வாளுக்கு எவ்வளவு நீளமான தகடு தேவை என்ற கேள்வி இயந்திரப் பொறியாளர்களுக்கு மட்டும் உரியதன்று என்பது இங்கேதான் புலப்படுகிறது. ஒரு பொருளை எதைக்கொண்டு பெயரிடுகிறோமோ அதையே அதன் தகுதியாகக் கருதத் தொடங்கிவிடுகிறோம். சங்கிலி வாளின் தகட்டுக்கு நேர்ந்ததும் அதுவே.

கடைகளில் ‘பார்’ என்றும் ‘பிளேடு’ என்றும் அழைக்கப்படும் அத்தகடு எதையும் வெட்டுவதில்லை. அதன் விளிம்பில் ஒரு பள்ளம் ஓடுகிறது; அப்பள்ளத்தில் சங்கிலி ஓடுகிறது; வெட்டுவது சங்கிலியின் பற்கள். தகடு ஒரு தண்டவாளம். ஜெர்மன் மொழியின் தொழில்நுட்பச் சொல் இதை ‘வழிகாட்டும் தண்டவாளம்’ என்ற பொருளிலேயே குறிக்கிறது. ஆனால் அதே ஜெர்மானியர் பேச்சில் அதற்கு வழங்கும் சொல்லின் பொருள் போர்வாள். ஸ்வீடிஷ் மொழியிலும் அப்படித்தான். தமிழின் ‘வாள்’ போர்க்கருவியையும் மரம் ஈரும் கருவியையும் ஒருசேரக் குறிப்பதை எண்ணினால் இந்த உருவகம் எவ்வளவு எளிதில் பிறக்கும் என்பது விளங்கும். வாள் என்றதும் நீளம் பெருமையாகிவிடுகிறது. தண்டவாளம் என்று சொல்லிப் பழகியிருந்தால், தேவைக்குமேல் நீளம் எதற்கு என்று எவரேனும் கேட்டிருப்பர்.

நீளத்தின் விலையைப் பற்களின் எண்ணிக்கையில் கணக்கிட்டுவிடலாம். பெரிய வாள்களில் பரவலாகப் பயன்படும் சங்கிலியின் ‘பிட்ச்’ எட்டில் மூன்று அங்குலம். முழுப் பல் வரிசை கொண்ட அச்சங்கிலியில் ஒன்றரை அங்குலத்திற்கு ஒரு வெட்டுப்பல் அமைகிறது. 20 அங்குலத் தகடு முழுவதும் மரத்துக்குள் புதைந்திருக்கும்போது ஏறத்தாழ 13 பற்கள் ஒரே நேரத்தில் மரத்தைச் சீவுகின்றன. 36 அங்குலத் தகட்டில் அது 24 ஆகிறது. எஞ்சின் மாறவில்லை, அதன் ஆற்றலைப் பங்கு கேட்கும் வாய்கள் மட்டும் இருமடங்கை நெருங்கிவிட்டன. 90 சி.சி. கொண்ட தொழில்முறை எஞ்சின் 5 கிலோவாட் அளவுக்கு ஆற்றல் தரும். 20 அங்குலத்தில் பல் ஒன்றுக்கு 380 வாட் கிடைத்தது, 36 அங்குலத்தில் 210 வாட்டுக்குக் குறைகிறது.

இணையக் கடைகளில் 58 சி.சி. எஞ்சினுக்கு 22 அங்குலத் தகட்டைப் பொருத்தி மலிவு விலையில் விற்கிறார்கள். அதன் ஆற்றல் 2.5 கிலோவாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அத்தகைய இயந்திரங்களில் சற்றுச் சிறிய பிட்ச் கொண்ட சங்கிலி இருப்பதால் புதையும் பற்கள் 17 வரை வரும். பல் ஒன்றுக்கு 150 வாட்டும் தேறாது. சிறிய பல்லுக்குச் சற்றுக் குறைந்த ஆற்றல் போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை இவ்வளவு பெரிய இடைவெளியை நிரப்பாது. தகட்டின் பாதி மட்டும் மரத்தில் இருக்கும்வரை குறை வெளியே தெரிவதில்லை என்பதே இதன் வஞ்சகம். தடித்த அடிமரத்தில் இறங்கியதும் சங்கிலியின் வேகம் தளர்கிறது. தொழிலாளி இயந்திரத்தை அழுத்துகிறார். கிளட்ச் நழுவிச் சூடேறுகிறது, சங்கிலி காய்கிறது, பல் மழுங்குகிறது. மழுங்கிய பல்லை ஈடுகட்ட மேலும் அழுத்துகிறார். களைத்த கையில் அழுத்தப்பட்ட வாள் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல இயலாது.

மரத்தின் அடர்த்தியும் கணக்கில் சேர வேண்டும். இந்திய விற்பனையாளர்கள் காட்டும் காணொளிகளில் பல, அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குப் பகுதியில் எடுக்கப்பட்டவை. அங்கு நீண்ட தகட்டால் அறுபடுவது டக்ளஸ் ஃபிர். உலர்ந்த நிலையில் அது கன மீட்டருக்கு 500 கிலோவைச் சற்றே தாண்டும். ஒடிசாவின் சால் மரமோ 800 கிலோவுக்கு மேல் நிற்கும். புளியும் சவுக்கும் அதற்கு இளைத்தவையல்ல. பஞ்சு போன்ற மரத்தில் பெற்ற அனுபவத்தைப் புளியமரத்தின் வைரத்துக்குப் பொருத்துவது, ஒரு மொழியின் இலக்கணத்தை இன்னொரு மொழியின்மீது ஏற்றிப் பார்த்த பழைய இலக்கண ஆசிரியர்களின் பிழையைப் போன்றது. அவர்களாவது எவர் கையையும் அறுக்கவில்லை.

பெரிய ஆபத்து தகட்டின் நுனியில் இருக்கிறது. ஓடும் சங்கிலி தகட்டின் மேல்விளிம்பில் முன்னோக்கிச் சென்று, நுனியைச் சுற்றிக் கீழிறங்குகிறது. நுனியின் மேற்கால் பகுதி எதன்மீதேனும் மோதினால் பற்கள் அங்கே கவ்விக்கொள்ள, தகடு முழுவதும் மேலெழுந்து, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் திரும்புகிறது. ‘கிக்பேக்’ எனப்படும் இந்நிகழ்வு மனிதன் எதிர்வினையாற்றும் வேகத்தைவிட விரைவானது. காட்டில் நிற்கும் தனி மரத்தை வெட்டுபவருக்கு நுனி எங்கே இருக்கிறது என்பது ஓரளவு தெரியும். நகரத்தில் புயலுக்கு வீழ்ந்த மரம் அப்படிப்பட்டதன்று. கிளைகள் பின்னிக் கிடக்கின்றன. அடிமரத்தைப் பல ஆண்டுகளுக்குமுன் சுற்றியிருந்த இரும்புக் கூண்டு மரத்தோடு மரமாக வளர்ந்து உள்ளே ஒளிந்திருக்கிறது. விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகள், கேபிள் கம்பிகள், அப்பால் நடைமேடைக் கல். 24 அங்குலக் குறுக்களவுள்ள மரத்தில் 36 அங்குலத் தகட்டை இறக்கினால், மறுபுறம் ஓரடி நீளச் சங்கிலி எவர் கண்ணிலும் படாமல் சுழன்றுகொண்டிருக்கும். அந்தப் பக்கத்தில்தான் கயிறு பிடிக்கும் ஆளும் நிற்பார், கூடிய கூட்டமும் நிற்கும்.

நீண்ட தகட்டை விரும்புவோரிடம் வலுவான காரணங்களும் உண்டு. பசிபிக் வடமேற்கின் மரம்வெட்டிகள் செங்குத்தான சரிவுகளில், அகன்ற மரங்களின் ஒரே பக்கத்தில் நின்று வேலையை முடிக்க வேண்டியவர்கள். தகடு நீண்டால் குனியாமல் நின்றபடியே தரையில் கிடக்கும் மரத்தின் கிளைகளைக் கழிக்கலாம், முதுகு தப்பும். மாறாக, சிறு குறுக்களவுள்ள ஊசியிலை மரங்களை அறுக்கும் ஸ்காண்டிநேவியர்கள் 15, 18 அங்குலங்களில் பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறார்கள். இருவருமே தேர்ந்தவர்கள், அவரவர் மரமும் நிலமும் அவரவர் நீளத்தைத் தீர்மானித்திருக்கின்றன. இந்திய நகரத்திலும் ஒரு பக்கம் மட்டுமே அணுகக்கூடிய மரங்கள் உண்டு. மதில்மேல் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் மறுபுறம் போக வழியிருக்காது. அறுந்த மின்கம்பி கிடக்கும் பக்கம் போகவும் கூடாது. அத்தகைய தருணத்தில் 20 அங்குலத் தகட்டை வைத்துக்கொண்டு போராடுவது பாதுகாப்பன்று. நீண்ட தகடு வேண்டும் என்ற கோரிக்கை அங்கே முற்றிலும் நியாயமானது. அந்த ஒரு தருணத்துக்காக எல்லா நாளும் அதையே சுமக்க வைப்பதுதான் பிழை.

ஏனெனில் எஞ்சினும் தகடும் பிரிக்க முடியாத இணையல்ல. 90 சி.சி. எஞ்சின் ஒன்றுக்கு 24 அங்குலத் தகடு ஒன்றும் 36 அங்குலத் தகடு ஒன்றும் வாங்கி வைக்கலாம். பக்கவாட்டு மூடியின் இரண்டு மரைகளைக் கழற்றினால் மாற்றிவிடலாம். மாற்றும்போது சங்கிலியும் மாற வேண்டும். பிட்ச், பள்ளத்தின் அகலமாகிய ‘கேஜ்’, பள்ளத்தில் ஓடும் இயக்குக் கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்தியாக வேண்டும்; பிட்ச் எஞ்சினின் பற்சக்கரத்தோடும் ஒத்துப்போக வேண்டும். நீண்ட தகட்டுக்குப் பற்களை இடைவெளிவிட்டு அமைத்த ‘ஸ்கிப்’ சங்கிலி உண்டு. அதில் இரண்டேகால் அங்குலத்திற்கு ஒரு பல். 30 அங்குல ஸ்கிப் சங்கிலியில் புதையும் பற்கள், 20 அங்குல முழுவரிசைச் சங்கிலியில் உள்ளவற்றுக்குச் சமம்: அதே 13. சீவல்கள் வெளியேறவும் இடம் கிடைக்கும். இந்த எளிய சமன்பாட்டை அறிந்த கொள்முதல் அலுவலர் இருந்தால் அவர் வணங்கத்தக்கவர். எண்ணெயும் மறக்கப்படும் செய்தி. நீண்ட தகட்டின் நுனிவரை எண்ணெய் சென்று சேர, பம்பின் ஊட்டலைக் கூட்ட வேண்டும். சங்கிலிக்குரிய ஒட்டுந்தன்மை இல்லாத பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றும் வழக்கம், குறுகிய தகட்டில் மெல்லக் கெடுக்கும். நீண்ட தகட்டில் விரைந்து கெடுக்கும்.

அன்றாட வேலைக்கு அளவுகோல் எளியது. வழக்கமாக அறுக்கும் மரத்தின் குறுக்களவைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் ஒரே வெட்டில் முடியும். இரு பக்கமும் அணுக முடியுமானால், பயிற்சி பெற்றவர் தகட்டைவிட அகலமான மரத்தையும் இரு புறமிருந்து வெட்டிச் சாய்ப்பார். ஏறத்தாழ இருமடங்கு வரை அது இயலும். ஆகவே 36 அங்குல மரத்துக்கு 36 அங்குலத் தகடு என்பது தேவையல்ல, வசதி. இந்தியக் கடின மரங்களுக்கு 70 சி.சி. எஞ்சினில் 20 அங்குலமும், 90 சி.சி. எஞ்சினில் 24 அல்லது 28 அங்குலமும் நாள்தோறும் போதுமானவை. அதற்கு மேற்பட்டது அலமாரியில் காத்திருக்கலாம். குறிப்பிடப்படும் நீளம் வெட்டும் நீளம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தகட்டின் வால் இயந்திரத்துக்குள் செல்வதால், தனியே அளந்தால் கூடுதலாகவே வரும். புதிய தகட்டைக் கடையில் நாடாவால் அளந்து வாங்கி, பொருந்தாத சங்கிலியோடு திரும்பியவர்கள் பலர்.

இவ்வளவும் அறிந்த ஒருவர் கொள்முதல் குறிப்பை எழுதினால் எந்தச் சொல்லைத் தேர்வார்? “தகட்டின் நீளம்: குறைந்தது 30 அங்குலம்” என்று எழுதும்போது, அந்தக் ‘குறைந்தது’ நீளத்தை நன்மையாக அறிவிக்கிறது. போட்டியிடும் விற்பனையாளர் அதே எஞ்சினில் 36 அங்குலத்தைப் பொருத்திக் கொடுத்தால் நிபந்தனை மீறப்படவில்லை. கூடுதலாகத் தந்ததாகவே பதிவாகும். ‘குறைந்தது’ என்ற சொல் எஞ்சின் ஆற்றலுக்கு முன்னால் வர வேண்டியது. தகட்டுக்கு முன்னால் வர வேண்டியது ‘மிகாமல்’. குறைந்தது 5 கிலோவாட், அன்றாடத் தகடு 24 அங்குலத்துக்கு மிகாமல், ஸ்கிப் சங்கிலியுடன் இரண்டாவது தகடு தனியே: இவ்வளவையும் இரண்டு வரிகளில் எழுதிவிடலாம், செலவும் பெரிதாக ஏறாது.

பிறகு அதைப் பிடிப்பவரிடம் சேர்க்க வேண்டும். கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. புயல் வேலைக்கு வரும் குழுவில் ஒடியா பேசுபவரும் வங்காளம் பேசுபவரும் இந்தி மட்டும் அறிந்தவரும் ஒன்றாக நிற்பார்கள். தகட்டின் வால்பகுதியில் பிட்ச், கேஜ், கண்ணிகளின் எண்ணிக்கை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். எண்களாக இருப்பதால் அவற்றை எந்த மொழியினரும் படித்துவிடலாம். ஆனால் பயன்பாட்டில் மண்ணிலும் மசியிலும் முதலில் தேய்ந்து மறைவதும் அந்தப் பொறிப்பே. கிடங்கில் தகட்டைத் தொங்கவிடும் ஆணிக்கு மேலே சுவரில் அதே எண்களைச் சாயத்தால் எழுதி, எந்த எஞ்சினுக்கு எந்தத் தகடு என்று ஒரு கோடு இழுத்துவைக்க அரை மணி நேரம் ஆகும். அடுத்த புயலுக்குமுன் அந்த அரை மணி நேரம் எந்த நகராட்சிக் கிடங்குக்கும் கிடைக்கும்.