நிவாரணம் நிலத்துக்கா, உழைப்புக்கா?

வயல் காய்ந்தால் நஷ்டம் யாருக்கு? பட்டாவில் பெயர் உள்ளவனுக்கு என்கிறது சர்க்கார் கணக்கு. அந்த வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்து, அறுத்துக் களம் சேர்க்கும் விவசாயத் தொழிலாளிக்கு நஷ்டமே இல்லையாம்! ஏனென்றால் அவனுக்குப் பட்டா இல்லை!

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. காவிரியும் கைவிட்டது. தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் சம்பா கருகியது. 2017 ஜனவரி 10 அன்று, ராஜ்யத்தின் 32 ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசம் என அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அறிவித்தார். நெல்லுக்கு நிவாரணம் ஏக்கருக்கு 5,465 ரூபாய்!

இந்த 5,465 எப்படி வந்தது? பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்பது அன்று டில்லி சர்க்கார் வைத்திருந்த விதி. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். வகுத்துப் பாருங்கள், கணக்குப் புரியும். விவசாயி பட்ட கடனையோ, போட்ட முதலையோ எண்ணிக் கொடுத்த தொகையல்ல இது. அதற்கும் பயிர் 33 சதவீதமாவது அழிந்திருக்க வேண்டும். 39,565 கோடி ரூபாய் வேண்டுமென்று ராஜ்ய சர்க்கார் கேட்டது. டில்லி ஒதுக்கியது 2,000 கோடியைக்கூட எட்டவில்லை. தமிழக விவசாயிகள் மண்டை ஓடுகளுடன் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தது அந்த ஆண்டில்தான்.

சிறு விவசாயிக்கு இந்தத் தொகை போதாது. அதை உயர்த்து என்பதே நம் கோரிக்கை. அவன் பங்கைக் குறைத்து நமக்குத் தா என்று எந்தத் தொழிலாளியும் கேட்கவில்லை. நாம் கேட்பது வேறு. இந்தப் பணத்துக்கு 'இடுபொருள் மானியம்' என்று பெயர். விதை இடுபொருள், உரம் இடுபொருள். நட்ட கை இடுபொருள் இல்லையா?

குத்தகை விவசாயியின் கதியையும் பாருங்கள். வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவனுக்கு அடங்கலில் பெயரில்லை. பயிர் அவனுடையது, கடன் அவனுடையது. நிவாரணம் மட்டும் பட்டாதாரருக்கு! குத்தகைதாரர் பெயரைப் பதிய 1969-லேயே சட்டம் வந்தது. பெயரைக் கொடுத்தால் நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சம் இருக்கும்வரை, அந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

"ஊரக வேலைத் திட்டத்தில் 100 நாளை 150 ஆக்கினோமே!" என்று 2017-ல் பெருமை பேசினார்கள். ஐயா, வேலை செய்து வாங்குவது கூலி. அது நிவாரணமா? பட்டாதாரரிடம், மண்வெட்டியோடு வந்து குளம் வெட்டினால்தான் பணம் என்று எந்த அதிகாரியாவது சொன்னதுண்டா?

2022-ல் டில்லி விதியைத் திருத்தி 13,500-ஐ 17,000 ஆக்கியது. தொகை மாறியது, அளவுகோல் மாறவில்லை. இன்னும் ஹெக்டேர்தான் பேசுகிறது!

மில் தொழிலாளித் தோழர்களே! இது கிராமத்து விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். கருகிய வயலிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்படுகிறவன் திருப்பூரிலும் கோவையிலும் உங்கள் ஆலை வாசலில்தான் வந்து நிற்கிறான். அவன் பட்டினியைக் காட்டித்தான் முதலாளி உங்கள் கூலியை அமுக்குகிறான். கிராமத்தில் அவன் அடுப்பு எரிந்தால் நகரத்தில் உங்கள் பேரம் உயரும்.

1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் மிராசுதாரர்களின் இரக்கத்தால் வந்ததல்ல. செங்கொடியின் கீழ் பண்ணையாட்களும் குத்தகை விவசாயிகளும் ஒன்றாக நின்றதால் வந்தது. நிவாரணச் சட்டமும் அப்படித்தான் மாறும்.

பயிர் அழிந்த கிராமத்தில் ஒவ்வொரு விவசாயத் தொழிலாளி குடும்பத்துக்கும் இழந்த வேலை நாட்களுக்குக் கூலி நஷ்டஈடு கொடு! சாகுபடி செய்பவன் பெயரை, நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாத பாதுகாப்போடு அடங்கலில் ஏற்று! பயனாளிகள் பட்டியலைக் கிராமசபையில் உரக்கப் படி!

அடுத்த புயலுக்கும் வறட்சிக்கும் காத்திருக்க வேண்டாம். இப்போதே கிராமந்தோறும் பெயர்களைத் திரட்டுங்கள். தாலுகா ஆபீசுக்கு ஊர்வலமாகப் புறப்படுங்கள்!